இல்லாத பிள்ளைக்குச் சரக்குக் கறி

இரண்டு கிழமைக்கு இராசமலர் ஒன்றும் தூக்கக் கூடாது. தண்ணீர் வாளி கூடாது, உடுப்புக் கூடை கூடாது, வக்கூம் கிளீனரை இழுக்கக் கூடாது, குளியல் தொட்டியை நிரப்பி அதற்குள் இருக்கக் கூடாது, புருசனோடு சேரக் கூடாது. ஆஸ்பத்திரித் தாதி ஒரு தாளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, கைப்பாசையிலும் காட்டி அனுப்பிய புத்திமதிகள் இவை. காய்ச்சல் வந்தால், இரத்தம் நிற்காமல் போனால், நாற்றம் அடித்தால் உடனே வா. மற்றப்படி ஓய்வெடு, மெல்ல நட, நன்றாகச் சாப்பிடு. எல்லாம் சரிதான். ஓய்வெடுப்பது எப்படி என்று மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

ஓக்லாந்தில், பென்ரோஸ் பக்கம் ஒரு பண்டகசாலையில் நாள் முழுக்க நின்று பெட்டி அடுக்கிப் பழகியவள் அவள். அப்படிப்பட்டவளைப் பகலில் கட்டிலில் படுக்கச் சொன்னால் படுப்பாளா? மவுண்ட் வெல்லிங்டனில் இருந்த அவர்களுடைய சின்ன யூனிட்டில் மூன்று யன்னல்கள். முதல் யன்னலில் நின்று பார்ப்பாள், அடுத்ததற்குப் போவாள், மூன்றாவதில் நின்று தெருவில் போகும் லொறிகளை எண்ணுவாள். எண்ணிக்கை பிசகிப் போகும். திரும்பவும் முதல் யன்னல். அடிவயிறு மெல்ல இழுக்கும், ஒரு பனடோல் போடுவாள், படுப்பாள், ஐந்து நிமிடத்தில் எழும்பி விடுவாள்.

அவளுக்கு நடந்தது பெரிய சத்திரசிகிச்சை இல்லை. இரண்டு வருடமாக மாதத்தில் பாதி நாள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோது கருப்பைக்குள் முந்திரிப் பருப்பளவில் ஒரு சதை வளர்ந்திருந்தது. டொக்டர் அதைப் பொலிப் என்றார். சுரண்டி எடுத்து, ஓர் இரவு வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போயிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று இரண்டாம் கிழமை புதன்கிழமை தெரியும். இந்தச் சதையால்தான் ஒன்பது வருடமாகப் பிள்ளை தங்காமல் இருந்ததா என்பதையும் அன்றைக்கே கேட்கலாம் என்றார்கள். ஆக, அந்தப் புதன் வரைக்கும் அவள் நெஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. அது போதாதென்று இன்னொரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் அவளுடைய புருசன்.

சோதிலிங்கம் நல்ல மனிதர். மங்கரேயில் விமானச் சரக்குப் பகுதியில் வேலை. ஒருவருக்கும் ஒரு சொல் கெடுதியாகச் சொல்லாதவர். ஆனால் வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காத நல்ல மனிதர்களால் வருகிற கரைச்சல், கெட்டவர்களால் கூட வராது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த அன்று செல்வநாயகி அக்கா தொலைபேசி எடுத்திருக்கிறார். ஓக்லாந்தில் அந்த எண்பத்தேழாம் ஆண்டில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அத்தனை வீட்டுக்கும் நல்லது கெட்டதை முன்னின்று நடத்துகிறவர் அவர். இராசமலருக்கு என்ன என்று கேட்டதற்கு, பெண்கள் சமாச்சாரத்தை ஒரு பெண்ணிடம் சொல்ல வெட்கப்பட்டு இந்த மனிதர், பொம்பிளைகளின் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் கேட்காதேங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாராம். அவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. செல்வநாயகி அக்கா அழுகை என்று எடுத்துக்கொண்டார். கலியாணம் கட்டிய பெண், பெண்கள் ஆஸ்பத்திரி, ஓர் இரவு, அழுகிற புருசன். பிறகு கேட்கவா வேண்டும்?

அவள் வீடு வந்த மறுநாள் நாலு பெண்கள் வந்தார்கள். செல்வநாயகி அக்காவின் கையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையச் சரக்குத் தூள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்தது, பிள்ளை பெற்றவளுக்கும் வயிற்றில் பிள்ளை அழிந்தவளுக்கும் கொடுப்பது. இன்னொரு பாத்திரத்தில் ஸ்னப்பர் மீன் போட்டு, உள்ளிப்பூண்டு தாராளமாகத் தட்டிப் போட்ட சரக்குக் கறி. மணத்தைப் பிடித்ததுமே இராசமலருக்கு விசயம் விளங்கிவிட்டது. ஐயோ அக்கா, அது இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி இருக்க, செல்வநாயகி அக்கா அவள் தலையில் கையை வைத்தார்.

"அழாதை பிள்ளை. போனது போகட்டும். ஒருக்காத் தங்கின வயிறு திரும்பவும் தங்கும்."

தங்கின வயிறு. ஒன்பது வருடத்தில் ஒருவரும் அவளுடைய வயிற்றைப் பற்றி அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. இவர்கள் ஒரு நாளும் அவளை மலடி என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இல்லை, அவ்வளவு கெட்டவர்களும் இல்லை. ஆனால் சனிக்கிழமைப் பூசைக்குக் கூடுகிற வீட்டில், பெண்கள் சுற்றியிருந்து பேறு, பால், பிள்ளை என்று கதை தொடங்கினால் யாராவது ஒருவர் மெல்லச் சொல்வார்: இராசமலர், ஒருக்காச் சோறு பாருமன். அவள் எழும்பிப் போய்ச் சோறு பார்ப்பாள். றைஸ் குக்கர் தன் பாட்டில் சோற்றை வேகவைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பார்வையாளர் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் வந்தது, அது உண்மையான கண்ணீர்தான். அதைப் பார்த்து மற்ற மூவரும் அழுதார்கள். பிறகு, மூன்று மாதமாக்கும் என்று தாங்களே கணக்குப் போட்டு, அதற்குத் துடக்குத் தீட்டு எத்தனை நாள் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. ஒருவர் பத்து நாள் என்றார், ஒருவர் துடக்கே இல்லை என்றார். எதற்கும் முப்பத்தொரு நாள் விளக்கு ஏற்றாமல் இரு என்று செல்வநாயகி அக்கா தீர்ப்புச் சொன்னார். இராசமலர் தலையாட்டினாள். குசினி அலுமாரித் தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்கு அன்றிலிருந்து விளக்கு இல்லை. மனிதரை ஏமாற்றினது காணாதென்று சாமியையும் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள்.

அடுத்த நாட்களில் ஒருவர் மாறி ஒருவர் வந்தார்கள். வந்தவர்கள் கறியோடு கதையும் கொண்டுவந்தார்கள். செல்வநாயகி அக்காவுக்கே மூத்த பிள்ளைக்கு முன்னர் இரண்டு அழிந்ததாம். முதல் நாள் வந்த நால்வரில் ஒருத்தியான உஷாவுக்குக் கொழும்பில், கலவரத்துக்கு ஒளிந்திருந்த வீட்டில் ஒன்று. ஒன்பது வருடமாகக் குசினியில் சோறு பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் புதினம். யாரும் அவளை எழும்பிப் போகச் சொல்லவில்லை, கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கதைத்தார்கள். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. இருக்கக் கூடாத சந்தோசம் என்று தெரிந்துகொண்டே சந்தோசப்பட்டாள்.

பின்னேரம் சோதிலிங்கம் வந்ததும் சண்டை. வேலையிடத்திலும் கடைத்தெருவிலும் ஆண்கள் வந்து கையைக் குலுக்கித் துக்கம் விசாரிக்கிறார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதுதானே உங்கடை வியாதி. முதலே வாய் திறந்திருந்தா இது வந்திருக்குமோ?"

"நீரும் திறக்கேல்லைத்தானே," என்றார் அவர். நல்ல மனிதர்கள் எப்போதாவது வாய் திறந்தால் இப்படித்தான் சரியான இடத்தில் வந்து குத்தும். அவள் எழும்பி முதல் யன்னலுக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் பத்மாவதி வந்தாள். ஜெயரட்ணத்தின் பெண்சாதி, இருபத்தெட்டு வயது, வங்கியில் கவுண்டரில் வேலை. பூசைக்கு வந்தாலும் மூலையில் இருந்துவிட்டுப் போகிறவள். அவள் கையில் கறிச் சட்டி இல்லை, ஒன்றும் இல்லை. வந்து கதிரை நுனியில் இருந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். கனநேரம் தன் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பிள்ளையைக் காட்டினவையோ?"

இரண்டு வருடத்துக்கு முன்னர் பத்மாவதிக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. இராசமலருக்கு அது தெரியும். அன்றைக்குச் செல்வநாயகி அக்காவோடு அவளும் போனவள்தான். போய், அங்கேயும் குசினியில் சோறு பார்த்துவிட்டு, பத்மாவதியின் முகத்தைக் கூடப் பாராமல் வந்தவள்.

"இல்லை," என்றாள் இராசமலர்.

அந்த ஒரு சொல்லோடு பத்மாவதிக்கு வழி திறந்துவிட்டது. தனக்கும் காட்டவில்லை என்றாள். ஒரு துவாயில் சுற்றிக் கதவுக்கு வெளியே கொண்டு போனார்களாம். புருசன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாராம், எங்கே கொண்டு போனார்கள் என்று அவரும் கேட்கவில்லையாம். இப்போது அந்தக் கதை எடுத்தாலே எழும்பிப் போய் டிவியைப் போடுகிறாராம். மறந்துவிடு, மறந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள் என்றாள். என்னத்தை மறக்கிறது? ஆணோ பெண்ணோ என்று கூட அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கும், கேட்டால் சொல்வார்கள் என்று வங்கியில் கூட வேலை செய்கிற ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

"புதன்கிழமை நீங்கள் டொக்டரிட்டைக் காட்டப் போறியள்தானே. நானும் வாறன். டொக்டர் சொல்லுறதை உங்களுக்குத் தமிழிலை சொல்லுவன். நீங்கள் உங்கடையைக் கேளுங்கோ, நான் என்ரையைக் கேக்கிறன். ரெண்டு பேராப் போனா வாசலோடை திரும்பி வரமாட்டன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றாள். பத்மாவதி போகும்போது அவளைக் கட்டிப்பிடித்தாள். வயிற்றில் நோகாமல் இருக்கத் தள்ளி நின்று, தோளை மட்டும் கவனமாகப் பிடித்தாள்.

அதன் பிறகு ஐந்து நாள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பத்மாவதியின் வீட்டு நம்பரைச் சுற்றுவாள், மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிடுவாள். நேரே போய்ச் சொல்லலாம் என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்புவாள், தெரு முனையில் இருந்த டெய்ரிக் கடை வரைக்கும் போய், தேவையில்லாத பால் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புவாள். குளிர்ப்பெட்டியில் ஐந்து போத்தல் பால் சேர்ந்தது. இரத்தம் நின்றுவிட்டது, இழுவை நின்றுவிட்டது, தாதியின் தாளில் சொன்னபடி உடம்பு அழகாகத் தேறிக்கொண்டு வந்தது. உடம்புக்கு இருந்த நேர்மை மனதுக்கு இருக்கவில்லை. கெட்ட சதையாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தவள், அப்படி இருந்தால் இந்தப் பொய்க்கு அதுவே போதிய தண்டனை என்றும் யோசித்தாள். மடைத்தனம்தான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவளுக்கு வேறு என்ன யோசனை வரும்?

புதன் காலை பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று முடிவு. பஸ்ஸில் பத்மாவதி பக்கத்தில் இருந்தாள், நல்ல சேலை உடுத்து, பொட்டு வைத்து, ஒரு கலியாணத்துக்குப் போவது போல வந்திருந்தாள். அவளுடைய பிள்ளையைப் பார்க்கப் போகிற உடுப்பு அது. இராசமலர் அதைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது சொல்வோம் என்று விட்டாள். இறங்கினபோது உள்ளே போய்ச் சொல்வோம் என்று விட்டாள். டொக்டரின் நேரத்துக்கு இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது. முதலில் பதிவுக் கவுண்டருக்குப் போவோம் என்று பத்மாவதி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பிடித்த கை குளிர்ந்திருந்தது.

கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரி வயதானவள், அன்பானவள். பத்மாவதி மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் தலையசைத்து எழுதினாள். பெயர், திகதி, எத்தனை மாதம். எழுதி முடித்து, அதற்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, பேனையை வைத்துக்கொண்டு இராசமலரைப் பார்த்தாள்.

"உங்கடை திகதியைக் கேக்கிறா, அக்கா."

பேனை தாளில் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் அந்த மனுசி உள்ளே போய், இல்லாத ஒரு பிள்ளையைப் பதிவுப் புத்தகத்தில் தேடப் போகிறாள். செத்த பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே தேடப் போகிறாள்.

"எழுத வேண்டாமெண்டு சொல்லும், பத்மா. எனக்குப் பிள்ளை இல்லை."

பத்மாவதிக்கு விளங்கவில்லை.

"எனக்கு ஒண்டும் அழியேல்லை. ஒரு நாளும் தங்கினதே இல்லை. உள்ளுக்கை சதை ஒண்டு வளர்ந்தது, அதை எடுத்தவை. அக்காமார் பிழையா நினைச்சவை, நான் திருத்தேல்லை. எனக்கு அது விருப்பமா இருந்தது."

"பிள்ளையைக் காட்டினவையோ எண்டு நான் கேக்கேக்கை, இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

பத்மாவதி அவள் கையை விட்டாள். வெள்ளைக்காரியிடம் திரும்பி, ஒன்று மட்டும்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மனுசி இரண்டாவது கோட்டை அடித்துவிட்டு உள்ளே போனாள்.

நீள வாங்கில் இருவரும் இருந்தார்கள், நடுவில் மூன்று பேர் இருக்கக்கூடிய இடைவெளி விட்டு. இராசமலர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பத்மாவதி பதில் சொல்ல வேண்டி வரும், அந்தக் கரைச்சலையும் கொடுப்பதா என்று இருந்துவிட்டாள். சனிக்கிழமை செல்வநாயகி அக்காவுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் திரும்பவும் சோறு பார்க்கத்தான் விடுவார்கள். ஒருவேளை அதற்கும் விடாமல் போகலாம். போகட்டும்.

வெள்ளைக்காரி ஒரு சிறிய தாளோடு வந்தாள். பத்மாவதி தனியாக எழும்பிப் போனாள். அந்த மனுசி கவுண்டருக்கு மேலாகக் குனிந்து, தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். பெண் பிள்ளை என்று அவள் சொன்னது இராசமலருக்கே கேட்டது. அந்த அளவு ஆங்கிலம் அவளுக்கும் தெரியும். நகரத்துக்கு மேற்கே மேட்டில் இருக்கிற பொது மயானம், குழிக்கு ஓர் எண். பத்மாவதியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை. பிறகு அவள் தாளை எடுத்துக்கொண்டு, இராசமலரைக் கடந்து, வெளிவாசல் பக்கம் நடந்தாள். அதே நேரம் தாதி வந்து, மிஸிஸ் சோதிலிங்கம் என்று கூப்பிட்டாள்.

இராசமலர் தனியாக உள்ளே போனாள். டொக்டர் படுக்கவைத்துச் சோதித்தார், எழும்பி இருக்கச் சொன்னார், தாள்களைப் புரட்டினார், கதைத்தார். அவர் கதைத்ததில் அவளுக்கு நாலு சொல்தான் பிடிபட்டது. நல்லது என்றாரா, நல்லதில்லை என்றாரா? அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் நிறுத்திவிட்டு, விளங்குகிறதா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வந்தது.

கதவு தட்டப்பட்டது. பத்மாவதி வந்து, டொக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இராசமலரைப் பார்க்கவில்லை. கையில் அந்தத் தாள், நாலாக மடித்தது. டொக்டர் முதலிலிருந்து தொடங்கினார்.

"பரிசோதனை முடிவு வந்திட்டுதாம். கெட்டது ஒண்டும் இல்லையாம்."

"புண் ஆறிட்டுதாம். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமாம். தூக்கலாமாம்."

டொக்டர் அடுத்ததைச் சிரித்துக்கொண்டு சொன்னார். கொஞ்சம் நீளமாகச் சொன்னார். பத்மாவதி மடித்த தாளைத் தன் மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்தாள்.

"ஒரு மாதம் கழியட்டுமாம். அதுக்குப் பிறகு பிள்ளைக்கு முயற்சி செய்யலாமாம். இந்தச் சதைதான் தடையா இருந்திருக்கவும் கூடுமாம். கட்டாயம் தங்கும் எண்டு சொல்ல ஏலாதாம், ஆனா நல்ல சந்தர்ப்பமாம்." ஒரு சொல்லும் குறைக்காமல், ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னாள். வங்கியில் காசு எண்ணிக் கொடுப்பவளின் குரல் அது. "ஏதும் கேக்க இருக்கோ எண்டு கேக்கிறார்."

ஒன்பது வருடமாக இராசமலர் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் இருந்தன. எத்தனை வீதம், எத்தனை மாதம், என்ன மருந்து, முப்பத்திநாலு வயது பிந்திவிட்டதா. அவள் பத்மாவதியின் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள்.

"மேடு ஏறி நடக்கலாமோ எண்டு கேளும்," என்றாள். "கனதூரம். மயானத்துக்குள்ளை, நம்பரைத் தேடித் தேடி."

பத்மாவதி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடி இருந்தாள். டொக்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு பத்மாவதி அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நடக்கலாமாம்," என்றாள். "மெல்ல நடந்தாப் போதுமாம்."